இலையின் மேலேயே உலோகம் பூசினால் நகல் வராது

ஆசிரியருக்கு,

தாமரை இலையை நிக்கலில் நகலெடுப்பது பற்றிய அறிவியல் பக்கக் கட்டுரை, இலையின் மேலேயே உலோகத்தைப் படியவைக்கலாம் என்கிறது. அப்படிச் செய்தால் கிடைப்பது மேடெல்லாம் பள்ளமாக மாறிய தலைகீழ் வடிவம்தான். போதாததற்கு, பூச்சுக்கான வெற்றிடத்திலேயே இலை சுருங்கிவிடும்.

முதலில் சிலிக்கோன் அச்சு வேண்டும். சூடாக்கி இறுகவைக்கும் வகை ஆகாது, இலை வாடிவிடும். பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் சிலிக்கோனில் நீர்த்த வகை ஐந்தே நிமிடத்தில் இறுகும். நடு நரம்பை விட்டுத் தள்ளி, புது இலையில் இரண்டு செ.மீ. சதுரம் வெட்டி, மேற்புறம் தெரியக் கண்ணாடியில் ஒட்டுங்கள். விரல் பட்டால் இலை மேலுள்ள மெழுகு கலைந்துவிடும். ரப்பர் கையுறையும் கூடாது: அதிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுக்கும்.

இலை மேல் ஊற்றிய சிலிக்கோன் இறுகியதும் உரித்தால் அதுவே அச்சு. மின்சாரம் பாய, அச்சின் மேல் 50 முதல் 100 நானோமீட்டர் வெள்ளிப் பூச்சு. பெரும்பாலும் கெடுவது இதற்கு அடுத்து, மின்சாரத்தால் நிக்கலைப் படியவைக்கும் கட்டத்தில்தான். நிக்கலைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிலிக்கோன் சூட்டில் விரியும். 50 டிகிரி சூட்டிலுள்ள நிக்கல் சல்ஃபமேட் என்ற நிக்கல் உப்புக் கரைசலில் நேரே இறக்கினால் வெள்ளி விரிசல் விடும். எனவே அறை வெப்பத்திலேயே, பிஎச் 4 அளவில், சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம் ஓடட்டும். சுமார் 12 மைக்ரான் ஏறும். பிறகு மெல்லச் சூடாக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் 300 மைக்ரான் தகடு கிடைக்கும். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே கரண்டை ஏற்றினால் விளிம்பு கருகும்.

கரைசலில் இறக்கும் முன் அச்சை ஆல்கஹாலிலும் தண்ணீரிலும் நனைத்துவிடுங்கள், பள்ளங்களில் காற்று தங்காது. இலையின் ஒரு சதுர மில்லிமீட்டரில் மூவாயிரத்துக்கும் மேல் மேடுகள் உண்டு. 50 மைக்ரான் குமிழி ஒன்று ஆறேழை விழுங்கிவிடும். நிக்கல் படியத் தொடங்கிய பிறகு ஒட்டும் குமிழியால் தகட்டின் முதுகில்தான் குழி விழும், அதனால் கெடுதல் இல்லை.

இத்தனையும் சரியாக வந்தாலும் தகட்டில் தண்ணீர் உருண்டோடாது. இலை நீரை ஒட்டவிடாததற்கு வடிவம் பாதி, மெழுகு பாதி. வெறும் நிக்கலோ நனையும் உலோகம். ஸ்டியரிக் அமிலம் கரைத்த ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்திய பிறகே சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே நகல் தேறியதா என்று தெரிய வேண்டுமானால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து மேடுகளை எண்ணுங்கள்.

இப்படிக்கு,
மின்முலாம் தொழிலில் உள்ள வாசகர்கள்