வீட்டு வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் டர்பனுக்கு வடக்கே உள்ள உம்லாங்காவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டர்பனின் தெற்கே சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒற்றை அறையில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள். விடியற்காலை நாலரைக்கு, தூங்குகிற பிள்ளையை அப்படியே என் பக்கத்தில் கிடத்திவிட்டு, இரண்டு டாக்சி மாறி வேலைக்குப் போகிறாள். அந்தப் பக்கம் அவள் சம்பளத்துக்கு வீடே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் இனம் பிரித்துக் குடிவைக்க 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் இந்தியர்களான எங்களை ஊருக்கு வெளியே தள்ளியது, 1991-இல் அது ஒழிந்தும் இன்று வாடகை அதே வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம், புதுக் குடியிருப்பில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வீடுகளை வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மலிவு வாடகைக்கு விட்டால், 12 ஆண்டுகள் கட்டிடத்துக்குச் சொத்து வரி விலக்கு தந்துவந்திருக்கிறது. நிலத்துக்கு வரி உண்டு. இங்கேயும் 2004-ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டம் தள்ளுபடிக்கு இடம் கொடுக்கிறது. சரி, டர்பனை ஆளும் ஈத்தேக்வினி மாநகராட்சி அதை இதற்கும் பயன்படுத்தட்டுமே!

அப்புறம், சலுகையை வாங்கிக்கொண்டு வாடகையை ஏற்றினால் விட்ட வரியைத் திருப்பி வசூலிக்க வேண்டும். மலிவு வீடுகளைப் பின்னால் தனிக் கட்டிடமாக ஒதுக்கவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே லிஃப்ட்.

இப்படிக்கு,
ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்