குயினின் இரண்டாவது ஆல்பத்தை முழுசாகக் கேள்

அன்புள்ள கண்ணா,

குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு அந்த ஹிட்ஸ் தொகுப்பு போதும், ஆரம்ப கால ஆல்பமெல்லாம் ஒரே இரைச்சல் என்று போனில் சொன்னாய். அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டதால் அப்போது பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட எனக்கு மனசில்லை. அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான ‘குயின் II’, நான் காலேஜ் படிக்கும்போது பெரிய மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த கேசட்டில் எனக்கு அறிமுகமானது. அவர்கள் செய்ததிலேயே உசத்தி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர்களுடைய பிரபலமான ‘போஹீமியன் ராப்சடி’ பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அது எப்படி உருவானது என்று தெரிந்தால் உனக்கே கேட்கத் தோன்றும். முதல் ஆல்பத்தை அவர்கள் லண்டன் சோஹோவில் இருந்த ட்ரைடென்ட் ஸ்டுடியோவில், வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ராத்திரிகளில் பதிவு செய்தார்கள். இரண்டாவதுக்குத்தான் சரியான ஸ்டுடியோ நேரம் கிடைத்தது. 1973 ஆகஸ்டில் உள்ளே போனவர்கள், மனசில் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் கொட்டினார்கள். பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து வைக்கும் பதினாறு டிராக் டேப். அதில் கிடாரின் மேல் கிடார், குரலின் மேல் குரல் என்று அடுக்கி, இடம் போதாமல் பலதை ஒன்றாகக் கலந்து சுருக்கி, மறுபடி மேலே அடுக்கினார்கள். இதில் யாரும் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் வாத்தியம்) வாசிக்கவில்லை என்று முதல் ஆல்பத்தின் உறையில் போட்டிருந்தார்கள். இரண்டாவதிலும் அதே கதைதான். நீ கேட்கும் அந்த ஆர்கெஸ்ட்ரா போன்ற ஒலி முழுக்க குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயின் கிடார்.

அந்தக் கிடாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1963இல், கடையில் விற்கும் கிடாரை வாங்க வசதியில்லாத நேரத்தில், பிரையனும் அவர் அப்பா ஹெரால்டும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அப்பா எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த இன்ஜினியர். கிடாரின் கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல் இருந்த மரம், ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் அவர் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பட்டன்கள். அந்தப் பட்டன்களை நினைத்தால் எனக்கு ஏனோ மனசு நெகிழ்கிறது. உலகத்தையே சுற்றி வந்த கிடாரில் அந்த அம்மாவின் பங்கும் இருக்கிறது.

இசைத்தட்டாக வந்த இந்த ஆல்பத்துக்கு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று பெயர் கிடையாது. வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம். வெள்ளையில் ஒன்றைத் தவிர எல்லாம் பிரையன் எழுதியது, கறுப்பு முழுக்கப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி எழுதியது. போனில் வரிசையாக ஓடவிட்டால் இந்தப் பிரிவே தெரியாது. ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்ததைக் கேள்.

‘ப்ரொசெஷன்’ என்ற ஒரு நிமிடத்துச் சின்ன கிடார் ஊர்வலத்தோடு வெள்ளைப் பக்கம் தொடங்கும். அடுத்தது ‘ஃபாதர் டு சன்’. ஒரு அப்பா மகனிடம் சொல்லும் பாட்டு. பிரையன் அப்போது வானியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு இசைக்கு வந்தவர். கூடவே உட்கார்ந்து கிடார் செய்து கொடுத்த அதே அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மகன் அப்பாவின் குரலில் எழுதிய பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்தக் கனமான கிடாருக்கு நடுவே வரும் கூட்டுக் குரல்கள் வேறு மாதிரி விழும். (பிஎச்.டி.யை முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2007இல், இம்பீரியல் காலேஜிலேயே முடித்துவிட்டார்.)

‘ஒயிட் குயின்’ பாட்டில் சிதார் மாதிரி ஒன்று கேட்கும். அது சிதார் இல்லை. பிரையன் தன்னுடைய பழைய அக்கூஸ்டிக் கிடாரின் பிரிட்ஜை, அதாவது தந்திகளைத் தாங்கும் குதிரையை, தந்தி லேசாக உரசி ரீங்காரம் போடும்படி மாற்றி வைத்திருந்தார். நம் வீட்டுத் தம்புராவில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி நான் அந்த நாதத்தைத் தேடுவேனே, அதே வேலைதான். முதல் தடவை கேட்டபோது அந்த இடத்தில் ரீவைண்ட் போட்டுப் போட்டுக் கேட்டேன்.

அப்புறம் ‘தி லூசர் இன் தி எண்ட்’. டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிப் பாடியது. பெரிய விமர்சகர்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளோடு ஒட்டவில்லை என்பார்கள். ஒட்டவில்லைதான். ஆனால் மகன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும் அம்மாவைப் பற்றி, இருபதுகளில் இருந்த ஒரு பையன் யோசித்து எழுதியிருக்கிறான். பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும், பிள்ளையைப் பிடித்து வைக்காதே, நீயும் இளசாக இருந்தவள்தானே என்று அம்மாவுக்கு ஒரு புத்திமதியும் அதில் உண்டு. நீ லண்டன் போன மாதம் நான் இதைத்தான் அதிகம் கேட்டேன்.

கறுப்புப் பக்கம் வேறு உலகம். ‘ஓகர் பேட்டில்’ பாட்டின் முடிவையே பின்னோக்கி ஓட்டித் தொடங்குகிறது. அது முடியும் முன்பே ‘தி ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்’ வந்துவிடும். ரிச்சர்ட் டாட் என்ற ஓவியர் மனநோயில் தன் அப்பாவையே கொன்றுவிட்டு லண்டனின் பெத்லெம் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தபோது வருஷக்கணக்கில் வரைந்த ஓவியத்தின் பெயர் அது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் ஓவியம். ஃபிரெடிக்கு அதன் மேல் அப்படி ஒரு பித்து. மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். ஓவியம் 54 சென்டிமீட்டர் உயரம்தான், அதற்குள் புல்லுக்கு நடுவே எத்தனையோ குட்டி உருவங்கள். ஃபிரெடி பியானோவுக்கு முந்தைய கால வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசித்து, அந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடுகிறார். ஹெட்ஃபோனில் கேள், குரல்கள் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடும். மூச்சு விடுவதற்குள் ‘நெவர்மோர்’. வெறும் பியானோவும் குரலும், ஒன்றேகால் நிமிடம்.

அதற்கு அடுத்து வருகிற ‘தி மார்ச் ஆஃப் தி பிளாக் குயின்’ பாட்டுக்காகத்தான் இந்தக் கடிதமே. ஆறரை நிமிடம். பல்லவி, சரணம் என்ற கட்டுமானமே இல்லை. ஒன்று தொடங்கும், உடையும், வேறொன்று வரும். ஓரிடத்தில் சதுஸ்ரமும் திஸ்ரமும், அதாவது நான்கு நான்காகவும் மூன்று மூன்றாகவும் போகும் நடைகள், ஒரே நேரத்தில் ஓடும், தொடையில் தாளம் போட்டுப் பார், புரியும். நடுவில் எல்லா ஆர்ப்பாட்டமும் அடங்கி, நீ ஒரு தேவதை, சிறகை விரி என்று மெல்லிசாக ஒரு குரல் வரும். ‘போஹீமியன் ராப்சடி’ 1975இல் வந்தது. அதிலுள்ள துணிச்சல் எல்லாம் இதில் முன்பே இருக்கிறது. பிந்தையதில் எதை எங்கே வைத்தால் ஜனம் மயங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதில் அந்தக் கணக்கு கிடையாது. எனக்கு அதனாலேயே இதன் மேல் பிரியம் அதிகம்.

பதிவு முடிந்தும் ஆல்பம் 1974 மார்ச் 8 அன்றுதான் வெளிவந்தது. விமர்சகர்களில் பலர் துவைத்து எடுத்தார்கள். ஆனால் கடைசிப் பாட்டான ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ பிரிட்டனில் பத்தாவது இடம் வரை போனது, ஆல்பம் ஐந்தாவது இடம். அடுத்தடுத்து பெரிய ஹிட்டுகள் வரவும் இதை ஒரு படிக்கட்டாக மட்டும் பார்த்துவிட்டார்கள். மிக் ராக் எடுத்த அந்த அட்டைப்படம், இருட்டில் நான்கு முகங்கள், ‘ராப்சடி’ வீடியோவில் மறுபடி வந்ததால்தான் உனக்குத் தெரியும். அந்த முகங்களுக்குச் சொந்தமான ஆல்பம் இது.

ஒரு சனிக்கிழமை டேட் பிரிட்டனுக்குப் போ. அந்த ஓவியத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் இணையத்தில் பார்த்துக்கொள். மாட்டியிருந்தால் ஓவியத்தின் முன்னால் நின்று அந்தப் பாட்டைப் போட்டு, வரியில் வரும் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடு. யார் யாரைக் கண்டுபிடித்தாய், கறுப்புப் பக்கத்தில் எந்த இடம் பிடித்தது என்று விவரமாக எழுது. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா