பிடி கொடுக்கும் தலைப்பு

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

ஓகஸ்ட்டில் வரும்போது இங்கே ஒரு உரையும் வாசிப்பும் வைக்க வேண்டுமென்று எழுதியிருந்தாய். "கலை, பண்பாடு, அடையாளம்" என்று தலைப்பும் போட்டிருக்கிறாய். முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடு. மூன்று பெரிய சொற்களை ஒரு பின்னேரத்துக்குள் அடைத்தால் பேச்சாளர் மூன்றையும் பொதுவாகத் தொட்டுவிட்டு இருந்துவிடுவார். கேட்க வந்தவர்களுக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி வேண்டும். ஒரு ஓவியம், ஒரு நூலின் சில பக்கங்கள், ஒரு கவிதை, ஏதாவது ஒன்று எல்லோருடைய கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் இருந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும்.

நான் ஆனந்த குமாரசுவாமியைச் சொல்வேன். 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் முத்துக் குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். வளர்ந்தது இங்கிலாந்தில். புவிச்சரிதவியலாளராகக் கனிப்பொருள் தேட இலங்கைக்கு வந்தவர், கண்டிப் பகுதிக் கைவினைஞர்களிடம் போய்ச் சேர்ந்தார். "மத்தியகாலச் சிங்களக் கலை" என்ற அவருடைய ஆங்கில நூல் 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. ஒரு தமிழரின் மகன் சிங்களக் கைவினையை ஏன் இவ்வளவு அன்போடு எழுதினார்? இந்த ஒரு கேள்வியே ஒரு மணித்தியாலத்துக்குப் போதும்.

ஓவியம்தான் வேண்டுமென்றால் ஜோர்ஜ் கீட். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் 1939–40இல் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். கீத கோவிந்தம் என்ற வடமொழிக் காவியத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. அவரை எடுத்தால் அன்று காலையிலேயே விரும்பியவர்களை விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போ. சுவருக்கு முன்னால் நின்று பார்த்தவர் பின்னேரம் கேட்கும் கேள்வியே வேறு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். படம் எடுக்க முதல் தேரரிடம் கேட்க வேண்டும். குமாரசுவாமி, கீட் இரண்டு பேரையும் மட்டும் ஒரே நாளில் வைக்காதே.

திகதியைக் கவனமாகப் பார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை 25 நாள். தேர், தீர்த்தத்தை ஒட்டி வெள்ளவத்தையில் பாதிப் பேர் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். ஆடிவேல் விழா இரதம் வரும் நாளில் காலி வீதியில் வாகனம் நகராது. மண்டபத்துக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் நல்லது, வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருப்பதால் பஸ்ஸில் வருபவர்களுக்கு வசதி. அறுபது பேர் வருவார்களென்றால் எண்பது கதிரைக்கு மேல் போடாதே. மிச்சத்தை அடுக்கி வைத்தால் ஆள் வரவர இறக்கலாம். முன்னால் மூன்று வரிசை வெறுமையாகக் கிடந்தால் பேசுகிறவருக்கு மனம் விட்டுப்போகும்.

எங்கள் கூட்டங்களைக் கெடுப்பது தொடக்கம்தான். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. ஆளுக்கு ஐந்து நிமிடமென்று கொடுத்தால் பத்து எடுப்பார்கள். ஆறு பேரென்றால் ஒரு மணித்தியாலம் போய்விடும். முதன்மைப் பேச்சாளர் எழும்பும்போது சனம் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும், பிறகு கேள்விக்கு நேரமே இராது. ஆகவே அறிமுகத்துக்கு 5 நிமிடம், வாசிப்புக்கு 15, உரைக்கு 30, கேள்விக்கு 35, நன்றிக்கு 5. மொத்தம் 90. மரியாதை செய்ய வேண்டியவர்களின் பெயர்களை நன்றியுரையில் சொன்னால் போதும், ஒருவரும் கோவிக்க மாட்டார்கள். வாசிப்பை உரைக்கு முன்னால் வை. பிறகு வைத்தால் பேச்சாளர் சொன்ன கருத்தைத்தான் சனம் அதில் தேடும்.

வாசிக்கிறவருக்கு ஒன்றைக் கட்டாயம் சொல். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் அங்கேதான் வரும். வசன முடிவில் குரல் தாழ்ந்தால் "போனார்" என்றதா, "போகவில்லை" என்றதா என்று பின்வரிசைக்குத் தெரியாது. நல்ல பகுதிகள் வீணாகப் போவது பெரும்பாலும் இதனால்தான். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க மூன்று நிமிடம் செல்லும், ஆகவே ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வசனம் அடுத்த தாளுக்குப் பாயாமல் அச்சிட்டு இலக்கமிடு. தாள்களை ஊசி அடித்துச் சேர்க்காதே, புரட்டும் சத்தம் மைக்கில் கேட்கும். கவிதையென்றால் இரண்டு தரம் வாசிக்கட்டும்.

மைக் வாயிலிருந்து ஒரு கைமுட்டித் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் இருந்தால் அதன் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் புகுந்து கூவும். மேசைக்கு மேலே உள்ள மின்விசிறியை நிறுத்திவிடு.

சிங்கள நண்பர்களையும் கூப்பிடுவாய்தானே. ஒவ்வொரு வசனமாக நிறுத்தி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிக்கும், பேச்சின் சூடும் போய்விடும். வாசிக்கும் பகுதியைச் சிங்களத்தில் முன்கூட்டியே பெயர்த்து, இரண்டு மொழியிலும் அச்சிட்ட ஒரு தாளைக் கதிரைகளில் வை. உரைக்கு அவர்களை ஒரு பக்கமாக இருத்தி, பக்கத்தில் ஒருவர் மெல்லச் சொல்லிக்கொண்டு போகட்டும். அவருக்கு உரையின் குறிப்பு மூன்று நாளுக்கு முதலே கிடைக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரால் தனியே முடியாது, களைத்துப்போய் விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்குவார்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிடாதே. உதவிக்கு நிற்கிற பிள்ளை பிடித்துக்கொண்டே நிற்கட்டும். கையில் கிடைத்தால் சிலர் இன்னொரு உரையே நிகழ்த்திவிடுவார்கள். முதலாவது கேள்வி ஒரு இளம் பிள்ளையிடமிருந்து வந்தால் மற்ற இளம் ஆட்களும் வாய் திறப்பார்கள்.

இரண்டு பேரில் யாரென்று இந்தக் கிழமைக்குள் எழுது. நான் பஞ்சாங்கத்தில் நல்லூர் நாட்களைப் பார்த்து, விலக்க வேண்டிய திகதிகளை அனுப்பிவிடுகிறேன். அதன் பிறகு மண்டபம் கேட்கலாம்.

அன்புடன்,
அம்மா