அழகுப் பதக்கம் மோப்பம் பிடிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வேட்டை நாய்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல பயிற்சி கொடுத்தால் எந்தக் குட்டியையும் வேட்டை நாயாக்கிவிடலாம் என்பதுபோல எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரை இருக்கும் இடத்தை அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கும் வேட்டை நாய் இனமான பாயிண்டரின் குட்டி ஒன்றைப் பாருங்கள். பிறந்து இரண்டு, மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், குச்சியில் கட்டிய இறகை முன்னால் ஆட்டினால் சட்டென்று உறைந்து நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை விறைப்பாக நீட்டிக்கொள்ளும். இரையின் மீது பாயுமுன் ஒரு கணம் நிதானிக்கும் பழைய குணம்தான் அது. அந்தக் கணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து நீட்டி வைத்திருக்கிறார்கள். பயிற்சி அதை ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான்.

ஆனால் குட்டி வாங்குபவர்கள் கேட்பதோ பரம்பரைச் சான்றிதழை. தாயும் தந்தையும் களத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று எத்தனை பேர் நேரில் போய்ப் பார்க்கிறார்கள்? தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெருக்கியதில் லாப்ரடார், ஐரிஷ் செட்டர் போன்ற இனங்களே களத்துக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று என இரண்டு வம்சமாகப் பிரிந்து கிடக்கின்றன. (சோபாவில் படுத்திருக்க நாய் வேண்டுமென்றால் சரி, அதில் தப்பில்லை.)

அப்புறம், உள்ளுணர்வு வலுக்க வேண்டும் என்று ஒரே ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் மறைந்திருந்த பரம்பரை நோய்கள் வெளியே வரும். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுக்காத நாயை, அது எவ்வளவு கெட்டிக்கார நாயாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. விற்பவரிடம் இதைக் கேளுங்கள், சாக்குச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்