டிபி மாத்திரை முடிந்த பிறகு வரும் ரத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக காசநோய் தினமான மார்ச் 24 வந்தால் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாரும் எழுதுவது, ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் டிபி குணமாகிவிடும் என்பதைத்தான். சரிதான், மறுக்கவில்லை. கிருமி செத்துவிடும், ஆனால் அது நுரையீரலை அரித்த இடத்தில் சிலருக்குக் குழி அப்படியே நின்றுவிடுகிறது, அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

காற்றில் எங்கும் இருக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அந்தக் குழிக்குள் போய் உருண்டையாக வளரலாம். பிரிட்டனில் 2.5 செ.மீ.க்குக் குறையாத ஆறிய குழி உள்ள 544 பேரைப் பார்த்தபோது, நூற்றுக்கு 11 பேருக்கு உருண்டை இருந்தது. வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு ஒருநாள் இருமினால் ரத்தம். எங்கள் பெரியப்பாவுக்கு இப்படித்தான் வந்தது, டிபி திரும்பிவிட்டது என்று வீடே பயந்தது, பக்கத்து கிளினிக்கில் சளியைக்கூடப் பரிசோதிக்காமல் பழைய மாத்திரையையே மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் சி.டி. ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. பூஞ்சையை டிபி மாத்திரை என்ன செய்யும்?

இதைவிட அரிதானது ராஸ்முசன் அனூரிசம். குழியை ஒட்டி ஓடும் நுரையீரல் தமனிக் கிளையின் சுவர் நைந்து புடைத்துவிடும், வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எதிலிருந்து ரத்தம் வந்தாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரிகளில் மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே செலுத்திக் கசிவை அடைக்கிற எம்போலைசேஷன் இருக்கிறது. போகிற வழியில், எந்தப் பக்க நுரையீரல் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது.

பின்விளைவு நுரையீரலோடு நிற்பதில்லை. இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் டிபி வந்து ஆறிய சிலருக்கு அந்த உறை தடித்து இறுகிக் காலும் வயிறும் வீங்கும். ஈரல் கோளாறு என்று நினைத்து அலைகிறவர்கள் உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டமே சொல்கிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. கடைசி மாத்திரை கொடுக்கும் நாளில் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் கையில் கொடுத்தால், பின்னால் ரத்தம் வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடவாவது உதவும். அடுத்த மார்ச்சில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்து டாக்டர் யாரையாவது இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாம்பரம்