செட்டிநாட்டுக்கு ஒரு சைக்கிள் வழித்தடம்: நன்கொடை வேண்டுகோள்

செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்குபவர் கானாடுகாத்தான் வீடுகளையும், ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றித் தரையில் பதிக்கும் பூக்கல் வார்ப்பதையும், கடியாபட்டி, ராயவரம் தெருக்களையும், 1687இல் எழுந்த திருமயம் கோட்டையையும் சைக்கிளிலேயே பார்த்துவிடலாம். நிலம் சமம், ஏற்றம் அதிகமில்லை. ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளும் கண்மாய்க் கரைப் பாதைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனாலும் வருபவர்கள் காரில் வந்து, இரண்டு வீடு பார்த்து, மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் வருபவர் டீக்கடையில் நிற்பார், கண்டாங்கிச் சேலை விலை கேட்பார், இரவு தங்குவார். காசு ஊருக்குள் நிற்க அதுதான் வழி.

புதுச் சாலை எதுவும் நாங்கள் போடப்போவதில்லை. இருக்கும் பாதையை நம்பி மிதிக்கும்படி செய்வதே வேலை.

முதலில் வழிகாட்டிக் கம்பங்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதினால் தமிழ் தெரியாதவர் தடுமாறுவார். வரைபடத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பலகையில் வேறொன்று என்றும் ஆகும். அதனால் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் தொடங்கிய எண் முறையை எடுத்துக்கொள்கிறோம். சாலைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு எண். ‘4, 7, 12’ என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் போதும். மொத்தம் 23 சந்திகள், சந்திக்கு இரண்டு கம்பம்: திருப்பத்தில் அம்புக்குறியோடு ஒன்று, திரும்பிய பின் 50 மீட்டரில் ‘சரியாகத்தான் போகிறீர்கள்’ என்று உறுதிசெய்ய இன்னொன்று. இரண்டாவது கம்பத்தைச் செலவென்று விட்டுவிடும் இடங்களில்தான் ஆட்கள் வழி தவறுகிறார்கள்.

மரக்கம்பத்தைக் கரையான் தின்றுவிடும். எனவே 2 அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 10 அடி நீளம். 2 அடி மண்ணுக்குள், 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில். அடியில் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே வெல்டிங் செய்யாவிட்டால் யாராவது பிடித்துத் திருப்பினாலே அம்புக்குறி திசை மாறிவிடும். பலகைக்கு போல்ட் வேண்டாம், ரிவிட்தான். போல்ட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஒரு கம்பத்துக்கு ரூ.4,200.

இதைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேலம். அதன் முள் டயரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை ஒட்டிவிட்டு, டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளை எடுக்காமல் மாட்டினால் அடுத்த பர்லாங்கில் மறுபடி பஞ்சர். பாதையோரத்தில் 6 கிலோமீட்டருக்கு இதை அகற்ற வேண்டும். தரையோடு வெட்டினால் பயனில்லை. வேர்க்கழுத்திலிருந்து கொத்தாகத் துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாகும். ஐப்பசி மழையில் மண் இளகியதும் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி வேர்க்கட்டையோடு பிடுங்க வேண்டும். கிளைகளை அன்றே ஏற்றிவிட வேண்டும். காயப்போட்டால் முள் பாதை முழுக்கச் சிதறும். கட்டைகளைக் கரிமூட்டத்துக்கு விற்ற காசு போக ரூ.90,000 தேவை.

கண்மாய்க் கரையில் மிக மோசமாக இருக்கும் 800 மீட்டருக்கு கிராவல். 5 அடி அகலம், இறுகிய பின் 4 அங்குலம் நிற்க, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 7 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இரண்டு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, பக்கவாட்டில் சற்றே சாய்வு கொடுக்க வேண்டும். சாய்வில்லாவிட்டால் மழைநீர் நடுவில் தேங்கிக் கரையையே அரிக்கும். சிமெண்ட் போடச் சொல்பவர்கள் உண்டு. மண்கரை அமுங்கும்போது அது வெடிக்கும். டிப்பர் லாரிகளும் வரத் தொடங்கும். தடுப்புக் கல்லும் நட மாட்டோம், வயலுக்கு டிராக்டர் போக வேண்டும். உருளை, தண்ணீர் உட்பட ரூ.1,60,000. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்களுக்கு நீர்வளத்துறையிடமும், சிறியவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத்திடமும் அனுமதி பெறாமல் ஒரு கூடை மண்ணும் விழாது.

நான்கு பழுதுபார்க்கும் இடங்கள், ஒவ்வொன்றும் ரூ.9,500. சாதாரண வால்வுக்கும் கியர் சைக்கிள் வால்வுக்கும் பொருந்தும் தலையோடு கால் பம்பு, 28 அங்குல டியூப், பிரேக் கட்டை, காட்டர் பின், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், உப்புத்தாள், பக்கத்தில் குடிநீர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் போகும் சாலைகள் இவை. பயணிகளைவிட அவர்களுக்குத்தான் இந்தப் பழுதுபார்க்கும் இடங்கள் அதிகம் உதவும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்று வெளியே வந்த மண் இது. அவர்களுடைய பேத்திகளுக்கு முள்ளில்லாத பாதையாவது தர வேண்டும்.

கம்பம், கிராவல், முள் எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியம் பராமரிப்பு. திறப்பு விழாவோடு முடிந்துபோன பாதைகள் நிறைய. மாதம் ஒருமுறை முழுத் தடத்தையும் மிதித்துப் பார்த்து, பலகை துடைத்து, புதுத் துளிரைப் பிடுங்க ஒருவருக்கு மாதம் ரூ.5,000, இரண்டு ஆண்டுக்கு ரூ.1,20,000. இது கையில் சேராமல் முதல் கம்பத்தை நட மாட்டோம்.

ஆக மொத்தம் ஏறத்தாழ ரூ.6 லட்சம். ஊருணியும் தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கிக் கல்லும் வழிப்போக்கருக்காக வைத்த ஊர்கள் இவை. ஊரில் இருப்பவர்களும், சென்னை, சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்களும் முடிந்ததைத் தாருங்கள். கம்பத்தில் ‘உபயம்’ எழுத மாட்டோம். பெயர் பெரிதானால் எண் கண்ணில் படாது. நன்கொடையாளர் பெயரும் வரவு செலவும் ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்கப்படும். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இதற்கு இல்லை. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

கம்பங்கள் புரட்டாசிக்குள், முள் ஐப்பசி, கார்த்திகையில், கிராவல் கண்மாய் நீர் இறங்கும் மாசியில். எனவே கம்பத்துக்கும் பராமரிப்புக்குமான தொகை ஆடி முடிவதற்குள் தேவை. பொருளாகத் தருபவர்கள் பைப், ஒளிரும் தாள், ஓடும் நிலையில் உள்ள பழைய சைக்கிள் தரலாம். துருப்பிடித்த சட்டங்கள் வேண்டாம்.