மவுத்கார்டு எப்படித் தேர்ந்தெடுப்பது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஹாக்கி, கூடைப்பந்து, கராத்தே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இனி மவுத்கார்டு (பல்லில் அடிபடாமல் இருக்க வாய்க்குள் பற்களின் மேல் மாட்டும் மென்மையான உறை) போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும் என்று சென்ற வாரம் சொல்லி அனுப்பியிருந்தோம். அன்று மாலையே பலர் வந்து கேட்டது, "சரி, எதை வாங்குவது?" என்பதுதான். நம் உடற்கல்வி ஆசிரியரிடமும் ஒரு பல் டாக்டரிடமும் விசாரித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடைக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். விளையாட்டில் அடிபடும் பற்களில் பெரும்பாலானவை மேல்வரிசை முன்பற்கள். அவை 7, 8 வயதில் முளைக்கின்றன. வெளியே பார்க்க முழுப் பல்லாகத் தெரிந்தாலும், உள்ளே வேர் வளர்ந்து முடிய இன்னும் 3 வருடம் போல ஆகும். அந்தப் பல் போனால் மறுபடி முளைக்காது. தாடை வளர்ந்து முடியும் வரை அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் நிரந்தரச் செயற்கைப் பல்) வைக்கவும் டாக்டர்கள் தயங்குவார்கள். 10 வயதில் போன பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பல்லையோ வேறொரு தற்காலிக ஏற்பாட்டையோ வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பள்ளிப் பருவம் முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் எத்துப்பல் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் கண்டிப்பு.

கடையில் கிடைப்பது இரண்டு வகை, பல் டாக்டர் செய்து தருவது ஒரு வகை. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வாயில் வைக்கும் முதல் வகையை வாங்காதீர்கள். அது பல்லில் பிடிக்காது, கடித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். ஓடும்போது பிள்ளை வாய் திறந்து மூச்சு வாங்கினால் கீழே விழுந்துவிடும். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சாக்ஸுக்குள் செருகிவைத்துக்கொண்டு விளையாடுவார்கள். இதை மைதானத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது, வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து அச்சுப் பதிப்பது. பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் வந்துகொண்டிருக்கும் 6 முதல் 12 வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. சில மாதங்களிலேயே வாய் அமைப்பு மாறிவிடும், அப்போது புதிதாக ஒன்று வாங்கினால் போயிற்று. ஆனால் இதை வீட்டில் சரியாகப் பதிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளையின் கையில் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள். பாக்கெட்டில் எத்தனை விநாடி போட்டிருக்கிறதோ அத்தனை விநாடி மட்டும் வெந்நீரில் வையுங்கள். கரண்டியால் எடுத்து, வாய் சுடாத அளவுக்கு ஒரு கணம் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். பிறகு மேல்வரிசைப் பற்களின் மேல் வைத்துக் கட்டைவிரல்களால் மேல்நோக்கி அழுத்துங்கள். பிள்ளையை மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் நாக்கால் அழுத்தி உறிஞ்சட்டும், வெளியே உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் நீங்கள் விரலால் அழுத்திக் கொடுங்கள். இறுக்கிக் கடித்துவிட்டால் கடிக்கும் இடம் காகிதம்போல மெலிந்துவிடும், அடி விழும்போது அந்த இடம் தாங்காது. சரியாக வரவில்லை என்றால் மறுபடி வெந்நீரில் போட்டுச் செய்யலாமா என்று பாக்கெட்டைப் பாருங்கள், பலவற்றில் முடியும்.

மூன்றாவது, பல் டாக்டர் அளவெடுத்துச் செய்வது. பற்களின் அச்சை எடுத்து, அதன் மேல் இ.வி.ஏ. என்ற மென்மையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைப்பார்கள். மூன்றிலும் நன்றாகப் பொருந்துவது இதுதான். செலவும் இதற்குத்தான் அதிகம். பற்கள் எல்லாம் முளைத்து முடிந்து, பள்ளி அணியில் தொடர்ந்து ஆடும் பெரிய பிள்ளைகளுக்கு இதைச் செய்துகொடுப்பது நல்லது.

பல்லில் கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகள் மட்டும் கடையில் எதையும் வாங்காமல் முதலில் தங்கள் பல் டாக்டரைக் கேளுங்கள். சாதாரண மவுத்கார்டு கிளிப் கம்பியில் மாட்டிக்கொள்ளும், பற்கள் நகர்வதையும் தடுக்கும். அவர்களுக்கென்று தனி வகை இருக்கிறது. கழற்றி மாட்டும் கிளிப்பாக இருந்தால் விளையாடும் முன் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

எந்த வகையானாலும் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். மவுத்கார்டைப் போட்டுக்கொண்டு வாயை நன்றாகத் திறந்தால் அது மேலேயே நிற்க வேண்டும். பிள்ளை தன் பெயரையும் வகுப்பையும் சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும். தாராளமாக மூச்சு விட முடிய வேண்டும். குமட்டினால் பின்பக்கம் நீளம் அதிகம், கொஞ்சம் வெட்டலாம். ஆனால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லையாவது அது மூட வேண்டும். ஈறில் உராய்ந்து சிவந்தால் அந்த விளிம்பையும் கத்தரித்துச் சரிசெய்யுங்கள். உறுத்தும் மவுத்கார்டை எந்தப் பிள்ளையும் போட்டுக்கொள்ளாது, நம் எச்சரிக்கையெல்லாம் வீணாகிவிடும்.

பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைக்கப் பழக்குங்கள். வெந்நீரில் கழுவினாலும் வெயிலில் வைத்தாலும் வடிவம் கெட்டுவிடும். ஒருவருடையதை இன்னொருவர் போடவே கூடாது. விளிம்பை மெல்லும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. கிழிந்தாலோ தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

மவுத்கார்டு பல்லுக்கும் உதட்டுக்கும்தான் காப்பு. மூளை அதிர்ச்சிக்கு அதை நம்ப முடியாது. தலையில் அடிபட்ட பிள்ளை மவுத்கார்டு போட்டிருந்தாலும் அன்று மீண்டும் ஆட அனுப்ப மாட்டோம். வீட்டிலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

அப்புறம், எல்லாம் மீறி நிரந்தரப் பல் ஒன்று முழுதாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்காக இருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசுங்கள். முடிந்தால் உடனே அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் அழிந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட்டால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல் பாதிக்கப்படும். அப்போதும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வரும் திங்கள் மாலை 4 மணிக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் மவுத்கார்டையும் போடச் சொல்லிப் பார்ப்பார். வாங்குவது சிரமமாக இருக்கும் பெற்றோர் அதற்கு முன் என்னை நேரில் வந்து பாருங்கள், பள்ளியே ஏற்பாடு செய்யும். வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம். பிள்ளை பல்லில் கிளிப் போட்டிருந்தால், அண்மையில் பல்லில் அடிபட்டிருந்தால், அந்த விவரத்தை நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்